இறங்குற வீட்டு இசக்கிப்பாண்டி

கிறுக்கு என்று மட்டும் சொல்லக் கூடாது. மாவு மில்லில் முறைக்கு நிற்கும்போது யாரும் யாரைப் பற்றியும் பேசலாம், வாய்க்கு வாடகை கிடையாது. ஆனால் இசக்கிப்பாண்டிக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றால் அது பொய். அவன் கஞ்சன் என்றால் அது இன்னும் பெரிய பொய். "கூடப்பொறந்த அக்காளயே வீட்டுப் படி ஏத்தாதவன், இப்ப முப்பது வருசம் கெடந்த ரூமுக்குப் பால் காய்ச்சப் போறானாம். கேட்டியளா கூத்த?" என்று கையைக் கொட்டிச் சிரித்தாளே ஒருத்தி, அவள் கல்யாணமாகித் தாராவிக்கு வந்த முதல் மாதம் புருஷனோடு எங்கே படுத்திருந்தாள் என்று அவளிடமே கேளுங்கள். இசக்கிப்பாண்டி வீட்டு மாலாவில். தலைக்கு மேலே பலகையடித்து, இரும்பு ஏணி வைத்து ஏறுகிற அரை மாடி அது. அதை அந்தப் புதுப் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் விட்டுவிட்டு, வீட்டுக்காரன் சந்தில் கட்டில் போட்டுக் கொசுவுக்கு ரத்தம் கொடுத்துக்கொண்டு கிடந்தான்.

தப்பு செய்தான். அதை யாரும் இல்லை என்று சொல்லவில்லை. என்ன தப்பு, எதனால் செய்தான் என்று தெரிந்துகொண்டு திட்டினால் திட்டுக்கும் ஒரு மரியாதை இருக்கும்.

தொண்ணூறு அடி ரோட்டை விட்டு உள்ளே திரும்பினால், குடையை விரித்தால் இரண்டு பக்கத்துச் சுவரும் இடிக்கிற சந்து. அதில் அவன் வீடு. கீழே ஒரு ரூம், மேலே மாலா, மூலையில் முழங்கால் உயரத்துக்குச் சுவர் எழுப்பிய மோரி. குளிப்பதும் அங்கேதான், பாத்திரம் கழுவுவதும் அங்கேதான், அரிசி களைவதும் அங்கேதான். திசையன்விளைப் பக்கத்து அவன் ஊரில் யாராவது பம்பாய்க்கு ரயிலேறினால், "எங்க எறங்கப் போற?" என்று கேட்பார்கள். "பாண்டி வீட்ல" என்பதுதான் பதில். அவனை முன்பின் பார்த்திருக்க வேண்டியதில்லை. அவன் வீட்டுக்குப் பெயரே இறங்குற வீடு. வேலை தேடி வந்தவர்கள், ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள், வெளிநாட்டுக்கு விமானம் ஏற வந்து விசா கிடைக்காமல் நின்றவர்கள், எல்லாரும் அந்தத் தரையில் படுத்து எழுந்தவர்கள். வரலாமா என்று போனில் கேட்டால் அவனுக்குக் கோபம் வந்துவிடும். "நான் என்ன லாட்ஜா வச்சிருக்கேன், கேட்டுட்டு வாரதுக்கு?" வந்தவன் கையில் முதலில் வாளியையும் இடுப்பில் கட்டிக்கொள்ள ஒரு சாரத்தையும் கொடுப்பான். "மொதல்ல குளி. பேரு பொறவு சொல்லலாம். ரெயில் அழுக்கோட சொன்னா எனக்குப் பேரு வெளங்காது."

தொழில், வீடுகளுக்குச் சுவர்ப் பலகை ஒட்டுவது. செம்பூரிலிருந்து சான்பாடா வரைக்கும் எந்த அடுக்குமாடியில் யார் புது வீடு வாங்கினாலும் கான்டிராக்டர் அவனைத்தான் அனுப்புவார். பளிங்கு போலத் தெரிகிற பலகை, தேக்குப் போலத் தெரிகிற பலகை, எல்லாம் பிளாஸ்டிக். வாய் நிறைய திருகாணியைக் கவ்விக்கொண்டு, அதையும் கீழே விடாமல் பேசுவான். எங்கே போனாலும் விரல் முட்டியால் சுவரைத் தட்டிப் பார்க்கிற ஒரு பழக்கம் அவனுக்கு. மாட்டுங்கா கோயிலில் சுண்டலுக்கு வரிசையில் நிற்கும்போதும் தட்டுவான். "சொவருக்குச் சளி பிடிச்சிருக்கு" என்று பக்கத்தில் நிற்கிறவரிடம் சொல்லுவான். அவர் பயந்து ஒரு அடி தள்ளி நிற்பார்.

வினை போனில் வந்தது. வீட்டுக்காரர்கள் போனில் படம் காட்டி, இந்த மாதிரி வேண்டும் என்பார்கள். அந்த மாதிரி என்றால் என்னவென்று தெரிந்துகொள்ளத்தான் அவனும் பார்க்க ஆரம்பித்தான். பிறகு சாப்பாட்டு நேரத்தில் பார்த்தான். பிறகு ரயிலில் தொங்கிக்கொண்டு பார்த்தான். பிறகு பொதுக் கக்கூஸ் வரிசையில் டப்பாவோடு நின்றும் பார்த்தான். ஒரு பெண் வருவாள். வெறுங்காலோடு ஒரு வெள்ளை வீட்டுக்குள் மெதுவாக நடப்பாள். அந்த வீட்டில் ஒரு குடம் கிடையாது, ஒரு துணிக்கொடி கிடையாது, வாசலில் செருப்புக்கூடக் கிடையாது. ஜன்னலோரம் ஒரே ஒரு செடி. ஒரு நாற்காலி, அதில் ஒருவரும் உட்காருவதில்லை.

அவன் மனைவி விஜயராணி செம்பூரில் மூன்று வீட்டுக்குச் சமைக்கிறவள். நாக்குக்கு உப்பும் புளியும் அதிகம். ஒருநாள் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள்.

"இந்தப் பொம்பள எங்க சமைக்கா?"

"அதெல்லாம் உள்ள இருக்கும்ட்டி."

"எங்க குளிக்கா?"

"உள்ளதான்."

"உள்ள எங்க? கதவே காங்கல. நானும் செம்பூர்ல பெரிய வீடாத்தான் பாக்கேன். போட்டோ புடிக்கும்போது எல்லாத்தையும் பெட்ரூம்ல அள்ளிப் போட்டுக் கதவச் சாத்துவாவ. அந்த ரூமப் போய்ப் பாருங்க, குப்பக்கெடங்கு தோத்துரும்."

அவன் கேட்கவில்லை. வேலை செய்த வீடுகளில் மிஞ்சிய துண்டுகளைச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்தான். ஒரு முழம் பளிங்கு, அதற்குப் பக்கத்தில் ஒரு சாண் தேக்கு, அதற்கு மேலே பச்சை இலை, கீழே செங்கல் மாதிரி. ஒவ்வொன்றும் ஒவ்வொரு வீட்டு மிச்சம். ஒரு சுவர் முழுக்க ஒட்டி முடித்துவிட்டு, தூரமாக நின்று பார்க்கலாம் என்று பின்னால் போனான். தூரம் இல்லை, முதுகு எதிர்ச் சுவரில் முட்டியது. "வீடா இது? டெய்லர் கடைத் தலகாணியா?" என்றாள் விஜயராணி. காஸ் சிலிண்டருக்குப் பாவாடை மாதிரி ஒரு திரை தைத்துக் கட்டினான். ஏணியில் பிளாஸ்டிக் செடி ஒன்றைத் தொங்கவிட்டான். மாலாவுக்கு ஏறுகிறவர்கள் எல்லாரையும் அது முகத்தில் அறைந்தது. தண்ணீர் டிரம்மை எங்கே ஒளிப்பது என்றுதான் கடைசி வரைக்கும் தெரியவில்லை. தண்ணீரை ஒளித்து வைத்துவிட்டுத் தாராவியில் யாரும் பிழைக்க முடியாது.

இதெல்லாம் சிரிப்பு. சிரித்துவிட்டுப் போகட்டும். முள் தைத்தது பிறகு.

அவனுடைய அக்காள் சண்முகவடிவின் ஊரிலிருந்து மாரீஸ்வரன் என்று ஒரு வாலிபன் கப்பல் வேலைக்கு உடம்புப் பரிசோதனைக்காக வந்து இறங்கினான். நல்ல பையன், சாப்பிட்ட தட்டைக் கழுவி வைப்பான். புறப்படுகிற அன்று மாலாவில் படுத்தபடியே போனைப் பிடித்து ஒரு ரீல் எடுத்திருக்கிறான். செங்குத்து ஏணி, ஒட்டுத்துணிச் சுவர், பாவாடை கட்டிய சிலிண்டர், மோரியில் குனிந்து பாத்திரம் தேய்க்கிற விஜயராணியின் முதுகு. பின்னால் ஒரு குத்துப்பாட்டு. மேலே எழுத்து: 'பாம்பே மாமா பங்களா'. வேண்டுமென்று செய்யவில்லை, வயசு அப்படி. அவன் ஊருக்குப் போய்ச் சேருவதற்குள் ஊரே பார்த்துவிட்டது.

இசக்கிப்பாண்டி அதைக் குர்லா தாண்டி ரயிலில் பார்த்தான். கீழே வரிசையாகச் சிரிக்கிற மூஞ்சிகள். யார் யார் என்று விரலால் தள்ளிக்கொண்டே வந்தான். அதில் ஒன்று அக்காள் பேத்தியின் போனிலிருந்து வந்திருந்தது. அக்காளுக்கென்று தனியாகப் போன் கிடையாது, அந்தப் போன்தான் அவளுக்கும். தாய் போன பிறகு அவள் கையால் சோறு தின்று வளர்ந்தவன் அவன். செம்பூரில் இறங்கி பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்தான். வண்டி வந்தது, போனது, வந்தது, போனது. அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னான்: "இனி ஊர்லேருந்து யாரு கேட்டாலும் வீட்ல வேல நடக்குன்னு சொல்லிரு."

"என்ன வேல?"

"ஏதோ ஒரு வேல."

இறங்குற வீட்டில் இறங்குவது அன்றோடு நின்றது. வந்தவர்களை ரயிலடியிலேயே பார்த்து, கோவண்டியில் ஒருத்தர் வீட்டில், சயானில் ஒருத்தர் வீட்டில் என்று சேர்த்துவிட்டான். சோறு வாங்கிக் கொடுத்தான், கூட அலைந்தான், ஆஸ்பத்திரிச் சீட்டு எடுத்துக் கொடுத்தான். வீட்டு வாசலை மட்டும் காட்டவில்லை. சந்தில் உள்ள வாய்கள் சும்மா இருக்குமா? பாண்டிக்குப் பவுசு வந்துவிட்டது என்றன.

அப்புறம்தான் அக்காளே போன் செய்தாள். தொண்டையில் ஒரு கட்டி. பரேலில் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஊர்க்காரர் ஒருத்தர் துணைக்கு வருகிறார். "எய்யா, வாரேன். ஒன் வீட்டுல ஒரு மூலைல கெடந்துக்கிடுதேன்." தம்பி பம்பாய்க்கு வந்து முப்பது வருஷத்தில் அவள் ஒருமுறைகூட வந்ததில்லை. மாட்டையும் மாமியாரையும் விட்டு அவளால் நகர முடிந்ததில்லை.

"வீட்ல வேல நடக்கு யக்கா" என்றான் அவன். "ஒரே தூசி. ஒன் தொண்டைக்கு ஆவாது."

ஆஸ்பத்திரிக்கு எதிரே நோயாளிகள் தங்குகிற விடுதியில் அவளுக்கு இடம் பிடித்தான். குறை வைத்தான் என்று சொல்ல முடியாது. தினமும் விஜயராணி சமைத்த சோற்றைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு போவான். ஊசி போட்ட அன்று அவள் காலடியில் உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துவிட்டான். போகும்போதெல்லாம் அவள் ஒன்றையே கேட்பாள்: "வேல முடிஞ்சிட்டாய்யா?"

"எங்க யக்கா. சிமிண்டு காயல."

"மழயும் இல்லயே. பொறவு ஏன் காயல?"

"பாம்பே காத்து அப்படி."

சிமெண்டு காயவே காயாத வீடு ஒன்று உலகத்தில் உண்டு என்றால் அது அவன் வீடுதான். விஜயராணிக்குப் பொறுக்கவில்லை. "கூட்டிட்டு வாங்க. மைனி படுத்து எந்திரிக்க வந்திருக்காவளா, சொவர மோந்து பாக்க வந்திருக்காவளா?"

"அவா சிரிச்சிட்டாட்டி."

"யாரு?"

"அக்கா. அந்த ரீலப் பாத்துச் சிரிச்சிருக்கா. போன்ல சிரிச்சதே நெஞ்சுல நிக்கி. நேர்ல வந்து நின்னு சிரிச்சா நான் தாங்க மாட்டேன்."

இதுதான் அவன் தப்பு. பணம் இல்லை, பவுசு இல்லை. அந்த வெறுங்கால்காரியின் வெள்ளை வீட்டைத் தன் வீட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பார்த்து, தன் வீட்டில் நிற்கவே கூசிப்போனான். பெற்றவள் மாதிரி இருந்தவளும் அப்படித்தான் பார்ப்பாள் என்று நினைத்துவிட்டான்.

ஆஸ்பத்திரியில் பயப்பட ஒன்றுமில்லை, மாத்திரையிலேயே சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஊருக்குத் திரும்புகிற நாள். ரயில் சாயங்காலம். அவன் வேலைக்குப் போய்விட்டு நேரே தாதருக்கு வருவதாகச் சொல்லியிருந்தான். மத்தியானம் அவள் துணைக்கு வந்தவரை அழைத்துக்கொண்டு டாக்சி ஏறித் தாராவிக்கு வந்துவிட்டாள். ரோட்டில் காய்கறி விற்கிற ஊர்க்காரியிடம் "எறங்குற வீடு எது தாயி?" என்று கேட்டாள். அதைச் சொல்லத் தெரியாதவர்கள் அங்கே இல்லை.

கதவு பூட்டியிருந்தது. எதிர்வீட்டு சபுரா, பை கம்பெனிக்கு நூல் பிசிறு வெட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தவள், எழுந்து உள்ளே கூப்பிட்டு டீ போட்டுக் கொடுத்தாள். கடையநல்லூர்க்காரி, விருந்தாளி என்றால் உயிரை விடுவாள். அக்காள் டீயைக் கையில் வைத்துக்கொண்டு சந்தை மேலும் கீழும் பார்த்தாள். மணல் இல்லை. செங்கல் இல்லை. உடைந்த சட்டி ஒன்றுகூட இல்லை.

"வேல நடக்குன்னானே தாயி?"

"வேலயா? என்ன வேல?" என்று சபுரா கேட்டுவிட்டாள். கேட்ட பிறகு நாக்கைக் கடித்து என்ன பிரயோசனம்?

அக்காள் டீயை ஒரு வாய் குடித்தாள். பிறகு சபுராவைப் பார்த்துச் சிரித்தாளாம்.

"நான் இந்த வீட்டப் பாத்துட்டேன் தாயி. மாரீசு போன்ல புடிச்சிட்டு வந்தாம்லா. பேத்திகிட்ட திருப்பித் திருப்பிப் போடச் சொல்லிப் பாத்தேன். அந்தச் சொவருல கலர் கலரா ஒட்டி வச்சிருக்காம்லா? சின்னப் பிள்ளைல தீப்பெட்டிப் படமாப் பொறுக்கிட்டு வந்து, சோத்துப் பருக்கய நசுக்கி, வீட்டுச் சொவரு பூரா ஒட்டி வைப்பான். எங்கய்யா வெளக்குமாத்தால அடிப்பாவ. மறுநா திரும்பவும் ஒட்டுவான். அம்பது வயசுலயும் அதயே செஞ்சி வச்சிருக்கான் பாரேன். நானும் பேத்தியும் சிரிச்சி முடியல. அதப் பாத்த பொறவுதான் வந்து ஒருக்க நேர்ல பாத்துட்டுப் போவணும்னு ஆசயே வந்துது. இல்லன்னா தொண்டைய மதுரையில காட்டிருக்க மாட்டனா?"

டீயைக் குடித்து முடித்துத் தம்ளரைத் தானே கழுவி வைத்தாள். புறப்படும்போது அந்தப் பூட்டின கதவைப் பார்த்துச் சொன்னது இதுதான்: "வேல முடிஞ்சா பால் காய்ச்சுவாம்லா. அப்ப வந்து கூப்பிடட்டும். கூப்பிடாத வீட்டு வாசல்ல வந்து நின்னது என் தப்பு." கோபமாகச் சொன்னாளா, வருத்தமாகச் சொன்னாளா, கேலியாகச் சொன்னாளா என்று சபுராவால் இன்று வரைக்கும் சொல்ல முடியவில்லை.

சாயங்காலம் தாதரில் அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை விடவில்லை. அவன் வாங்கி வந்த இட்லியைச் சாப்பிட்டாள். வண்டி நகரும்போது ஜன்னல் கம்பிக்கு வெளியே கையை நீட்டி அவன் தலையில் இருந்த பலகைத் தூசியைத் தட்டிவிட்டாள். அவன் வீட்டுக்கு வந்த பிறகுதான் சபுரா சொன்னாள். "அண்ணாச்சி, ஒங்க அக்கா வந்துட்டுப் போனாங்க." முழுவதையும் கேட்டான். ரயில் அப்போது கல்யாணைத் தாண்டியிருக்கும்.

அன்றைக்கு அவன் சாப்பிடவில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மறுநாள் சுவரில் ஒட்டிய துண்டுகளைப் பிய்த்தான். பளிங்கு வந்தது, தேக்கு வந்தது, பசை மட்டும் வரவில்லை. அம்மைத் தழும்பு மாதிரி அது சுவரெல்லாம் நிற்கிறது. "ஏன் பிய்க்கிய? மைனிக்கு அதுதானே புடிச்சிது?" என்று விஜயராணி கேட்டபோதுதான் கையை நிறுத்தினான். அதற்குள் பாதிச் சுவர் போய்விட்டது. மீதிப் பாதி அப்படியே இருக்கிறது.

அதன் பிறகு போன் செய்தால் அக்காள் எடுப்பாள். "நல்லாருக்கேன். நீ நல்லாருக்கியா? சரி." அவ்வளவுதான். மன்னித்துவிடு என்று இவன் ஆரம்பித்தால் பேத்தியிடம் கொடுத்துவிடுவாள். மாத்திரை முடிந்து மறுபடியும் காட்ட வேண்டிய காலம் வந்தது. பம்பாய்க்கு வரவில்லை, மதுரைக்குப் போய்விட்டாள்.

வெட்கம் போய்விட்டதா என்றால், போகவில்லை. அந்த வெறுங்கால்காரி இப்போதும் போனில் வருகிறாள். கட்டைவிரலால் தள்ளிவிடுகிறான். தள்ளினால் இன்னொருத்தி வருகிறாள். அவளுடைய வீடு இன்னும் வெள்ளை.

போன மாதம் தாராவிக் கோயில் பூசாரியிடம் போய்ப் பால் காய்ச்ச நாள் கேட்டான்.

"புது வீடா? எங்க, சான்பாடாவா?"

"இல்ல சாமி. இதே வீடுதான்."

"இதே வீட்டுக்கு எதுக்குய்யா?"

"அக்கா சொல்லிருக்கா."

அவர் ஒரு மாதிரி பார்த்துவிட்டு நாள் சொன்னார். அங்கிருந்துதான் இந்தக் கிறுக்குப் பேச்சு கிளம்பியது. அவர்கள் ஊர்ப் பக்கத்தில் வீட்டுப் பாலை அடுப்பில் ஏற்றுகிறவள் கூடப்பிறந்தவள்தான். அவளைப் போனில் அழைத்தால் அது அழைப்பில்லை, அவமதிப்பு. தட்டில் சேலையும் வெற்றிலையும் வைத்து, வாசலில் நின்று கூப்பிட வேண்டும். இறங்குற வீட்டுக்கு யாரும் கூப்பிட்டு வந்ததில்லை. அவள் மட்டும் கூப்பிட்டால்தான் வரலாம் என்று ஆக்கிவிட்டது அவன். அதனால் அவளைக் கூப்பிடப் போக வேண்டியவனும் அவன்தான். இதில் கிறுக்கு எங்கே இருக்கிறது?

போன வெள்ளிக்கிழமை காலையில் புறப்பட்டான். விஜயராணி சேலையைப் பையில் வைத்தாள். முந்தின நாளே மாட்டுங்கா மார்க்கெட்டில் வெற்றிலை வாங்கி, நனைத்த வெள்ளைத் துணியில் சுற்றி வைத்திருந்தான்.

"வெத்தலய திருநெல்வேலி ஜங்சன்ல வாங்கிக்கிடலாம்லா? ஒண்ணர நாள் ரெயில்ல வாடிப் போவும்."

"இங்கேருந்துதான் போணும்" என்றான். "இந்த வீட்டுலேருந்துதான் அழைக்கேன்."

அவள் பையின் வாரை இழுத்துக் கட்டினாள். "வர மாட்டேன்னு சொல்லிட்டாவன்னா?"

"வெத்தலய வச்சிட்டு வாரேன்."

வாசலைத் தாண்டினான். சந்து முனைக் குழாயில் தண்ணீர் வருகிற நேரம், வரிசை நீளமாக நின்றது. அவனைப் பார்த்ததும் பேச்சு அடங்கியது. முதலில் நின்றவள் தன் குடத்தை ஒரு சாண் நகர்த்தினாள். அவன் குனிந்து, பையிலிருந்து துணிப்பொட்டலத்தை எடுத்துக் குழாய்க்குக் கீழே பிடித்து நன்றாக நனைத்தான். பிறகு முழுக்கப் பிழிந்துவிடாமல், கொஞ்சம் ஈரத்தை உள்ளே விட்டு மெதுவாக அழுத்தினான். பையில் திரும்ப வைக்கவில்லை. நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, சட்டை நனைய நனைய, ரோட்டைப் பார்த்து நடந்தான்.